அத்தான் மெயினை இறக்கினார்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னாலேயே மூச்சிரைக்க வரும். ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கிற பேண்டேஜ் துணிக் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற என் அக்காவுக்கும், அவள் வீட்டுக்காரரான என் அத்தானுக்கும் இன்னும் நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அந்த ஒரு வியாழக்கிழமை மட்டும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இருபத்து மூன்று மோட்டார்களின் ஜாதகம் பிழைத்திருக்கும்.

மோட்டாருக்கு ஏது ஜாதகம் என்று கேட்பீர்கள். அத்தான் வைத்த பெயர் அது. மடவார் வளாகத்துக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு கடை இருக்கிறது, எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், கரும்பு ஜூஸ் மோட்டார் எல்லாம் அங்கே வரும். மோட்டாரைப் பிரித்து, கருகின காயிலை ஒரு பக்கம் வெட்டி, வெட்டின இடத்தில் எத்தனை கம்பி முனை இருக்கிறது என்று எண்ணுவார். அதுதான் டர்ன். பிறகு கம்பியின் கனமான கேஜ், அது இரும்புக் கூட்டின் எந்தப் பள்ளத்தில் புறப்பட்டு எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்பதையெல்லாம் பார்ப்பார். இவ்வளவும் தெரிந்தால்தான் புதுக் கம்பியை அதே மாதிரி சுற்ற முடியும். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சுற்றினால் ஒரே வாரத்தில் புகைந்துகொண்டு திரும்பி வரும்.

ஒரு தடவை எண்ணியதை அத்தான் காதில் சொருகிய பென்சிலை எடுத்துச் சுவரில் எழுதிவிடுவார். நோட்டு வைக்கவே மாட்டார். கேட்டால், "நோட்டு தொலைஞ்சு போகும். சுவரு எங்க போகும்?" என்பார். ஆள் பேர் எழுதுகிற வழக்கமும் இல்லை. ஊரும் அடையாளமும்தான். 'கான்சாபுரம் வேம்படிக் கிணறு', 'மடவார் வளாகம் மாவு மில்', 'திருவண்ணாமலை அடிவாரம் தென்னந்தோப்பு' என்று இருபது வருஷத்து மோட்டார்கள் நாலு சுவரிலும் நின்றன. திருவண்ணாமலை என்றதும் வடக்கே போய்விட வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துப் பெருமாள் மலைக்கும் அதே பெயர்தான். எரிந்த மோட்டார் மறுபடியும் எரியும். லோ வோல்டேஜ் நாட்களில் வரிசை கட்டி வரும். அப்போது எண்ண வேண்டாம், சுவரைப் பார்த்தே கட்டிவிடலாம்.

அத்தானுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கதை முழுக்க அதில்தான் நிற்கிறது என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடையின் வாசலை ஒட்டிப் பழைய காலத்து மெயின் சுவிட்ச் ஒன்று இருக்கிறது, இரும்புக் கைப்பிடி வைத்தது. அதற்குச் சந்தனப் பொட்டு, வெள்ளிக்கிழமை பூ. காலையில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏற்றுவார். சாயங்காலம் கடையை அடைக்கும்போது 'டக்'கென்று இறக்குவார். விளக்கு, விசிறி, ரேடியோ என்று ஒவ்வொன்றாக அணைக்கிற பேச்சே கிடையாது. யார் என்ன செய்துகொண்டிருந்தாலும் இறக்கிவிடுவார். காயில் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் புத்தி உண்டு. மெயினை ஏற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் அவர்களுக்குச் சோறு இறங்காது.

சுவர் எங்கே போகும் என்றாரே, அது போகிற நாளும் வந்தது. கடைக்குச் சொந்தக்காரர் ஒருநாள் வந்து, சுவரெல்லாம் உவர் பிடித்து உதிர்கிறது, பழைய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசப்போகிறேன், மூன்று வாரம் பொறுத்து ஆள் வருவான் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர், நல்லதுதான் செய்தார். அக்கா அன்றே எனக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, உங்க அத்தான் சுவத்தப் பாத்துக்கிட்டு அழுவாத கொறையா நிக்காவ. நீ ஏதாச்சும் பண்ணேன்."

"போட்டோ எடுத்து வையி, அம்புட்டுத்தானே?" என்றேன்.

"எடுக்காமயா இருப்பேன்? வந்து பாரு, ஒண்ணும் வெளங்கல."

போய்ப் பார்த்தேன். இருபது வருஷமாக வார்னிஷ் புகை குடித்த சுவர் கருப்பட்டி நிறத்தில் இருந்தது. அதில் பென்சில் எழுத்து நேரே பார்த்தால் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, தலையையும் சாய்த்தால் மட்டும் மினுமினுவென்று தெரியும். போட்டோவில் டார்ச் வெளிச்சம்தான் விழுந்தது. ஒருத்தர் டார்ச் பிடித்துப் படிக்க வேண்டும், இன்னொருத்தர் எழுத வேண்டும். வேறு வழி இல்லை.

"கம்ப்யூட்டர்ல ஏத்திருவோம்" என்றேன் நான். "நானே புரோகிராம் எழுதித் தாரேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? அப்போது நான் பைத்தான் படித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பேண்டேஜ் பெட்டிக்கு லேபிள் அடிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி, அது ஓடியதும் என் தலை கொஞ்சம் பெருத்திருந்தது. எக்செல் போதாதா என்று கம்பெனியில் கேட்டார்கள். போதும்தான். ஆனால் அக்காவிடம் நானே எழுதித் தருகிறேன் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

புரோகிராம் எழுதுவது சிரமமாக இல்லை. ஜன்னல், பொத்தான், கட்டம் எல்லாம் வரைவதற்கு டிகிண்டர் என்று பைத்தானோடேயே ஒன்று வருகிறது. ஊர், அடையாளம், குதிரைத் திறன், பள்ளம், டர்ன், கேஜ் என்று ஆறு கட்டம் போட்டேன். கீழே 'சேர்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் அந்த வரி பட்டியலில் போய் உட்காரும். எல்லாம் தமிழில். மூன்றே சாயங்காலத்தில் என் லேப்டாப்பில் அழகாக ஓடியது. நானே எழுந்து நின்று பார்த்துக்கொண்டேன்.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான். என் லேப்டாப்பில் ஓடுவது அத்தான் கடையில் ஓட வேண்டுமே! அவரிடம் இருந்தது, மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டர். விண்டோஸ் ஏழு. இன்டர்நெட் கிடையாது. பைத்தான் என்றால் அதற்கு என்னவென்றே தெரியாது.

"உன் வீட்டுல ஓடுதது எங்க கடையில ஏண்டி ஓடாது?" என்று அக்கா கேட்டாள்.

"அக்கா, நீ ஒரு ஊருக்குப் போறே. அங்கே அடுப்பு இல்ல, சட்டி இல்ல, உப்பு கூட இல்ல. என்ன பண்ணுவே?"

"கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போவேன்."

"அதேதான். பைத்தான், ஜன்னல் வரையுற சாமான், என் புரோகிராம், எழுதுறதுக்கு ஒரு காலி ஏடு, அம்புட்டையும் ஒரே பொட்டலமாக் கட்டணும். அவுத்தா அங்கேயே சாப்பிடலாம்."

இந்தக் கட்டுச்சோறு கட்டுகிற வேலைக்கு பைஇன்ஸ்டாலர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு வரி கட்டளை கொடுத்தால் எல்லாவற்றையும் சுருட்டி ஒற்றை ஃபைலாகக் கையில் கொடுக்கும். கொடுத்தது. பென் டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கடையில் போட்டு இரண்டு தடவை தட்டினால், இது இந்தக் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்து நின்றது. அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "என்னம்மா, சோறு ஊசிப்போச்சோ?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம் திரும்பிவிட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர் முப்பத்திரண்டு பிட் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. என் பைத்தானோ அறுபத்து நாலு பிட், அதுவும் புதிது. விண்டோஸ் ஏழில் ஓடுவது பழைய பைத்தான்தான். தேடி இறக்கி மறுபடியும் கட்டினேன். இந்தத் தடவை என் லேப்டாப்பில் இருந்த வைரஸ் காவல்காரனே பொட்டலத்தைத் திருடன் என்று பிடித்து உள்ளே வைத்துக்கொண்டான். அவனிடம் மன்றாடி மீட்டேன். கடைக்குப் போனால் ஒரு கருப்புப் பெட்டி கண்ணைச் சிமிட்டிவிட்டு மறைந்தது. காலி ஏட்டைப் பொட்டலத்தில் வைக்க மறந்துபோயிருந்தேன். சோறு கட்டிவிட்டு இலையை விட்டுவிட்டுப் போன கதை.

மூன்றாம் தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, திறந்தது. அந்தப் பழைய திரையில் 'மோட்டார் ஜாதகம்' என்று தமிழில் தலைப்போடு ஜன்னல் விரிந்தபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சோதனைக்கு ஒரு மோட்டாரைச் சேர்த்தேன். பட்டியலில் வந்தது. மூடினேன். மறுபடி ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அக்கா அதற்குள் இலையில் சாம்பார் ஊற்றிவிட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை முதல் வேலை ஆரம்பமாயிற்று. அத்தான் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படிப்பார், அக்கா இரண்டு விரலால் தட்டுவாள். வீட்டு வேலையை முடித்துவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தால் ஆறு மணிக்கு மெயின் இறங்கும் வரை தட்டுவாள். தினமும் எனக்குப் போனில் அறிக்கை வரும். "இன்னைக்கு வடக்குச் சுவத்துல பாதிடி. என் விரலு ரெண்டும் முருங்கைக்கா மாதிரி வெறைச்சுப் போச்சு." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேலை செய்வது அதுதான் முதல் தடவையாம். "அவிய படிக்கையில ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு கதை சொல்லுதாவ. எந்தக் கெணத்துல பாம்பு கெடந்துச்சு, எந்த வீட்டுல மோர் குடுத்தாவன்னு. நான் சிரிச்சுச் சிரிச்சுத் தப்புத் தப்பா அடிக்கேன்" என்றாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியதால் கம்பெனியை மத்தியானமே விட்டுவிட்டார்கள். நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கடையில் அக்கா தட்டிக்கொண்டிருந்தாள். திரை நிறைய மோட்டார்கள். மேலே இன்னும் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு உச்சி குளிர்ந்து நின்றேன். மணி ஆறு ஆயிற்று. அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மெயினில் கை வைத்தார்.

"ஐயையோ, நில்லுங்க!" என்று கத்தினேன். "கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கு! தினமும் இப்படித்தான் இறக்குதியளா?"

"பின்னே? மெயின ஏத்தி வச்சுட்டுப் போகச் சொல்லுதியா?"

"கம்ப்யூட்டர்னா ஒரு மொற இருக்கு அத்தான். கிணத்து மோட்டார் மாதிரி படக்குன்னு நிறுத்தக் கூடாது. ஒருநாள் இல்ல ஒருநாள் எல்லாம் போயிரும், பொறவு தலையில கை வச்சுக்கிட்டு உக்காரப் போறிய. எம்புட்டுக் கஷ்டப்பட்டு எழுதித் தந்திருக்கேன்!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். படித்தவர்கள் எப்படி நிறுத்துவார்கள் என்று ஒரு பாடமே எடுத்தேன். அக்காவின் கையைப் பிடித்து, மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்தி ஜன்னலை மூட வைத்து, முறைப்படி கம்ப்யூட்டரை நிறுத்தி, திரை இருண்டதும், "இப்ப இறக்குங்க" என்று அனுமதி கொடுத்தேன். அத்தான் இறக்கினார். பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.

மறுநாளே அவர் பழையபடி 'டக்'கென்று இறக்க ஆரம்பித்துவிட்டாராம். நான் பேசிய பேச்சு மறுநாள் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. மறுவாரம் புதன்கிழமையோடு நாலு சுவரும் முடிந்தன. ஞாயிறைக் கழித்து மொத்தம் ஒன்பது நாள் வேலை. வெள்ளிக்கிழமை ஆள் வந்து பூச்சைக் கொத்தி, இருபது வருஷத்தைக் கூடையில் அள்ளிக் கொட்டிவிட்டுப் போனான். கம்ப்யூட்டரை அதற்கு முன்னாலேயே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழைய சேலை போட்டு மூடி வைத்திருந்தாள் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கடையில் புதுப் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. கம்ப்யூட்டர் மேசைக்குத் திரும்பியிருந்தது. நான் பையைக் கீழே வைக்கவில்லை, கான்சாபுரத்துச் சம்சாரி ஒருத்தர் ஆட்டோவில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வேம்படிக் கிணற்றை வைத்து விவசாயம் பார்க்கிறவர்.

"அண்ணாச்சி, அவசரத்துக்கு வேற ஒரு ஆளுகிட்ட குடுத்துட்டேன். அவன் காயில வெட்டி எடுத்துக் குப்பையில போட்டுட்டு, கணக்கு எழுதலேங்கான். நெல்லு பொதி கட்டி நிக்கி. ரெண்டு நாள் தண்ணி இல்லேன்னா பூராவும் பதராப் போயிரும். நீங்கதான் பாக்கணும்."

மோட்டார் வெறும் கூடாக இருந்தது. எண்ணுவதற்கு ஒரு கம்பி முனை இல்லை. உள்ளூர்ப் பட்டறையில் எந்தக் காலத்திலோ செய்த மோட்டார், வேறு எதையும் பார்த்து ஒப்பிட்டுக் கட்டவும் முடியாது. அத்தான் கொஞ்சமும் அசரவில்லை. "கவலைய விடுங்க. போன பங்குனியில நான் கட்டுனதுதான. இப்ப நம்ம கடை கம்ப்யூட்டர் கடையாக்கும். கொழுந்தியா, தட்டி எடும்மா" என்றார். அப்படி ஒரு மிடுக்கு அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

திறந்தேன். 'மோட்டார் ஜாதகம்' என்று தலைப்பு வந்தது. கீழே பட்டியல் காலி. ஒரு வரி இல்லை.

மூடப்போன கையை ஏனோ நிறுத்தினேன். "அக்கா, ஒண்ணுமே இல்லியே" என்றேன்.

"தினமும் அப்படித்தாண்டி வரும்" என்றாள் அக்கா, வெகு சாதாரணமாக. "காலண்டர் கிழிக்க மாதிரி நாளுக்கு ஒரு புதுத் தாளுன்னு நெனச்சேன். நம்பர்கூட ஒண்ணுலேருந்துதான் ஆரம்பிக்கும். நேத்து அடிச்சது உள்ள போயிருக்கும்லா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒற்றைப் பொட்டலம் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும், கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தற்காலிக இடத்தில் தன்னை அவிழ்த்துப் பரப்பிக்கொள்ளும். மூடும்போது பரப்பியதையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகும். நான் ஏட்டையும் பொட்டலத்துக்குள்ளேயே வைத்திருந்தேன். அக்கா இரண்டு விரல் வலிக்கத் தட்டியதெல்லாம் அந்த இலையில்தான் எழுதியிருக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் இலையை எடுத்து எறிவதுதானே வழக்கம்? என் லேப்டாப்பில் பொட்டலம் கட்டாமலே ஓட்டியதால் அங்கே எல்லாம் நிலைத்து நின்றது. நானும் ஏமாந்தேன்.

சுவர் இல்லை, ஏடும் இல்லை. அத்தானின் இருபது வருஷத்தை நான் வாங்கித் தண்ணீரில் விட்டுவிட்டேன். "அத்தான், என்னை மன்னிச்சிருங்க, எல்லாம் போச்சு" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அத்தான் புதுச் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மிடுக்கு போன இடம் தெரியவில்லை. சம்சாரி தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

சும்மா உட்கார முடியாமல்தான் அந்தத் தற்காலிக இடத்தைத் திறந்து பார்த்தேன். நம்பிக்கையே இல்லை. பார்த்தால், வரிசையாகக் கோப்புறைகள்! எல்லாவற்றுக்கும் பொட்டலக் கருவி வைக்கிற அதே முன்னெழுத்து, பின்னால் ஏதோ எண். ஒன்றைத் திறந்தேன். உள்ளே என் ஏடு. ஏட்டில் வடக்குச் சுவர். இன்னொன்றைத் திறந்தேன். கிழக்குச் சுவர்.

"இருக்கு! அக்கா, இருக்கு! அம்புட்டும் இருக்கு!" என்று நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். ஏன் துடைக்கவில்லை? மூடினால்தானே துடைக்கும்! ஆறு மணிக்கு 'டக்'கென்று மெயின் இறங்கியதும் புரோகிராமுக்கு இலையை எடுக்க நேரம் ஏது? பந்தியில் பாதியில் எழுப்பிவிட்ட மாதிரி, போட்டது போட்டபடி கிடந்தது. நாளுக்கு ஒன்றாக அத்தனை நாளும் கிடந்தது. நான் சொன்ன முறைப்படி நடந்திருந்தால் ஒரு மோட்டார்கூட மிஞ்சியிருக்காது.

கான்சாபுரம் வேம்படிக் கிணறு சனிக்கிழமைக் கோப்புறையில் இருந்தது. "அஞ்சு குதிரை, முப்பத்தாறு பள்ளம், முப்பத்தெட்டு டர்ன், கேஜ் இருபது" என்று நான் உரக்கப் படித்தேன். அத்தான் பென்சிலை எடுத்துப் பழக்கத்தில் புதுச் சுவரில் எழுதப் போனார். அக்கா அவர் கையில் ஒரு போடு போட்டாள். சம்சாரி துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நாளைக்குச் சாயங்காலம் வாரேன் அண்ணாச்சி" என்று கிளம்பினார். அக்கா டீக்கடைக்குக் குரல் கொடுத்தாள், வடையும் சேர்த்து.

வடை தின்றுகொண்டே கோப்புறைகளை எண்ணினேன். ஒன்பது. ஒன்பது நாள், ஒன்பது கோப்புறை. "பாத்தியளா, ஒண்ணுகூடத் தப்பல" என்று எனக்கு மறுபடி வாய் வந்துவிட்டது. ஒவ்வொன்றாகத் திறந்து ஒரே ஏட்டில் சேர்த்தேன். தேதியையும் சுவரையும் அத்தான் விரல் விட்டுச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். கடைசிக் கோப்புறை காலியாக இருந்தது. அது அன்றைக்குத் திறந்தது.

"அப்ப எட்டுதான ஆச்சு?" என்றார் அத்தான். "திங்கள், செவ்வாய், புதன் இருக்கு. வெள்ளி, சனி இருக்கு. அடுத்த வாரம் மூணு நாளும் இருக்கு. எங்கம்மா மொத வாரத்து வியாழக்கெழமை?"

நான் வடையைக் கீழே வைத்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வியாழக்கிழமை அந்தக் கடையில் ஒரே ஒரு தடவை கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்தியது யார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அத்தான் சிரிக்க ஆரம்பித்தார். சின்னச் சிரிப்பாக ஆரம்பித்து, தோள் குலுங்கி, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிற அளவுக்குப் போயிற்று. "படிச்சவிய எப்படி நிறுத்துவாவ? இன்னொரு தடவ சொல்லு தாயி" என்றார். அக்காவும் சேர்ந்துகொண்டாள். எனக்கு அவமானம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரிக்கும்போது நான் மட்டும் எவ்வளவு நேரம்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது? நானும் சிரித்துவிட்டேன்.

அன்று அக்கா தட்டியது இருபத்து மூன்று மோட்டார் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவற்றின் கணக்கு இனி யாரிடமும் இல்லை. ஒவ்வொன்றும் மறுபடி எரிந்து வரும்போது, வெட்டி எண்ணினால்தான் உண்டு. அத்தான் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். "அந்த இருவத்தி மூணும் உன் மோட்டாரு. எப்ப வருதோ அப்ப நீதான் வந்து எண்ணணும்."

அடுத்த வாரமே புதுப் பொட்டலம் கட்டினேன். இப்போது ஏடு பொட்டலத்துக்குள் இல்லை, வெளியே அதற்கென்று ஒரு நிலையான இடத்தில் இருக்கிறது. மூடினாலும் சரி, மெயினை இறக்கினாலும் சரி, போகாது. ஐந்து தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். தினமும் பென் டிரைவில் ஒரு நகலும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கம்பெனியில் நான் எழுதுகிற எதையும் இப்போதெல்லாம் படக்கென்று கரண்டை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுகிறேன். அதற்கு அங்கே 'அத்தான் டெஸ்ட்' என்று பெயர் ஆகிவிட்டது.

தீர்ப்பு மட்டும் மாறவில்லை. சனிக்கிழமை போன் வரும். "கொழுந்தியா, உன் மோட்டாரு ஒண்ணு வந்திருக்கு." ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போவேன். அக்கா எனக்கென்று ஒரு பழைய சட்டை வைத்திருக்கிறாள். கருகின காயிலின் வெட்டு முனைகளைக் குண்டூசியால் ஒவ்வொன்றாக விலக்கி எண்ணுவேன். எண்ணிக்கை தப்பிப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அத்தான் பக்கத்தில் நின்று வேண்டுமென்றே அந்தக் கிணற்றின் கதையைச் சொல்லி எண்ணிக்கையைக் கலைப்பார். நான் கத்துவேன். அவர் சிரிப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தது பதினோராவது. திருவண்ணாமலை அடிவாரம், தென்னந்தோப்பு. நாற்பத்து நாலு டர்ன், மூன்று தடவை எண்ணிச் சரிபார்த்தேன். அக்கா நகர்ந்து இடம் கொடுக்க, நானே தட்டி, 'சேர்' பொத்தானை அழுத்தினேன். மணி ஆறு. அத்தான் கை முழுக்க வார்னிஷோடு நின்றுகொண்டிருந்தார். "கை அழுக்கா இருக்கு, நீயே இறக்கிரும்மா" என்றார்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. நான் எழுந்து போய், சந்தனப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெயினை 'டக்'கென்று இறக்கினேன்.